ஓசூரில் கூடிய மூன்று வேலைகள்

சானமாவு,
7.7.2024

அன்பு ஜெயாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌகரியம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். வாட்ஸாப்பில் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புகிறவளுக்குக் கடிதம்தான் சரி. பர்கூர் காலேஜ் லீவில் எழுதினாயே, அதுபோலப் பக்கம் பக்கமாய் எழுது.

எனக்கு வேலை பழகிவிட்டது. சின்ன தனியார் வங்கி, ஓசூர்க் கிளை, கேஷ் கவுன்ட்டர். சம்பளம் கொஞ்சம்தான், ஆனால் நிரந்தரம். நான் சேர்ந்த பிறகு அம்மா பூப்பண்ணைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அந்த வெக்கையில் குனிந்து குனிந்து ரோஜா வெட்டிய முதுகு இப்போது தேவலை. பகலில் படுத்துத் தூங்குகிறாள் என்றால் நம்புவாயா?

அரசு வங்கி கிளார்க் பரீட்சையைக் கர்நாடகாவுக்கு எழுதச் சொல்கிறாய். இணையத்தில் வருகிற வங்கி வேலை விளம்பரங்களைச் சேர்த்து, எந்த ஊரில் எத்தனை ஆள் எடுக்கிறார்கள் என்று அறிக்கை போடுவதுதானே உன் வேலை, நீ சொன்னால் சரியாய்த்தான் இருக்கும். ஒரே ஒரு சந்தேகம். என் கன்னடம் பூப்பண்ணையில் அம்மாவோடு நின்று காதால் வந்தது. ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. பரவாயில்லையா? விசாரித்துச் சொல்.

உன்,
யுவா


பெங்களூரு,
14.7.2024

அடி யுவா,

உன் சந்தேகத்தைத் தூக்கிக் குப்பையில் போடு. என் அட்டவணையில் இந்த வருஷம் கர்நாடகாவில்தான் இடம் அதிகம். கன்னடம் வேண்டும் என்பதால் நம் பக்கத்து ஆட்கள் பயந்து தொடுவதில்லை. உனக்கோ அது தண்ணீர் பட்ட பாடு. பண்ணை முதலாளியையே கன்னடத்தில் மடக்கினவள் நீ.

மொழிச் சோதனை என்பதெல்லாம் சும்மா, ஊர் என்ன, பேர் என்ன என்று கேட்பார்கள். தினம் ஆயிரம் விளம்பரம் பார்க்கிறவள் சொல்கிறேன், கேள். எத்தனை நாளைக்கு அந்தப் பொட்டி வங்கியில் உட்காருவாய்? நம்ம வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரி நீதான்.

எங்கள் தோப்பில் கடைசி நீலம் மாம்பழம் இறக்குகிறார்கள். உன் வீட்டுக்கும் ஒரு பெட்டி அனுப்பச் சொல்லி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். சரோஜம்மாள் மகள் கொடுத்தது என்று உன் அம்மாவிடம் சொல்.

உன் உயிர்,
ஜெயா


சானமாவு,
27.4.2025

என் ஜெயாவுக்கு,

பரீட்சையில் தேறிய சந்தோஷத்தில் போனில் அழுதுதான் தீர்த்தேன். இப்போது எழுதுகிறேன். சாம்ராஜ்நகர் பக்கம் ஒரு கிளை கிடைத்திருக்கிறது. சேரும்போது பழைய வங்கியிலிருந்து விடுவித்த கடிதம் காட்ட வேண்டுமாம்.

ராஜினாமா கொடுக்கப் போனபோது எங்கள் மேனேஜர் மாதேஸ்வரன் சார், "அங்க எல்லாம் முடிஞ்சு கையில ஆர்டர் வரட்டுமே, எதுக்கும்மா அவசரம்?" என்றார். அப்படிச் செய்ய முடியாது சார், கடிதம் இல்லாமல் சேர்க்கமாட்டார்கள் என்றேன். நீயும் போனில் "கொடுத்துடுடி, யோசிக்காத" என்றாய். கொடுத்துவிட்டேன்.

அம்மா தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தாள். யானை இறங்கியிருக்கிறது என்று சாயங்கால பஸ் வரவில்லை. கிளையிலிருந்து வந்தவள் பாதி வழி நடந்தேன், பயமே தெரியவில்லை.

நன்றி என்று எழுதினால் நீ திட்டுவாய். அதனால் எழுதவில்லை.

உன்,
யுவா


சானமாவு,
12.6.2025

ஜெயாவுக்கு,

திரும்பி வந்துவிட்டேன்.

மொழிச் சோதனை எடுத்த அதிகாரி நல்ல மனிதர். கால் மணி நேரம் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தோம், சிரித்தார்கூட. "மாதாடோது சென்னாகிதெ," பேச்சு நன்றாயிருக்கிறது என்றார். பிறகு ஒரு செய்தித்தாளை நகர்த்தி "இதன்ன ஓதி," இதைப் படியுங்கள் என்றார். நான் தாளையே பார்த்தேன். ஒரு பேனாவையும் வெள்ளைத் தாளையும் வைத்தார். அதையும் பார்த்தேன். அவர் தலை குனிந்துகொண்டார், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கன்னடம் எழுத, படிக்க, பேசத் தெரியாதவர்களைச் சேர்ப்பதில்லை என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. மற்ற எல்லாவற்றிலும் தேறியும் பயனில்லை.

நீ விசாரித்தாயா, ஜெயா? அதை மட்டும் சொல்.

யுவா


பெங்களூரு,
20.6.2025

அன்புள்ள யுவா,

உன் கடிதம் கிடைத்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று உனக்குத் தெரியும். எங்கள் புரோகிராம் விளம்பரத்திலிருந்து பதவி, ஊர், எண்ணிக்கை மூன்றைத்தான் எடுக்கும். நிபந்தனைகள் எங்கள் கண்ணுக்கே வராது. ஆயிரக்கணக்கில் வரும்போது யார் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் படிப்பது? நீயும் அறிவிப்பை ஒரு தடவை முழுசாய்ப் படித்திருக்கலாமே.

சரி, போனது போகட்டும். ஒரு நல்ல செய்தி. இந்த மாத அறிக்கையை இதோடு வைத்திருக்கிறேன். தனியார் வங்கிகள் ஓசூரில் ஆள் எடுப்பது கூடியிருக்கிறது. கேஷ் கவுன்ட்டருக்கே மூன்று புது வேலை காட்டுகிறது. உனக்கு அனுபவம் இருக்கிறது, உடனே போடு. மனதை விடாதே.

அம்மாவுக்கு என் அன்பு.

உன்,
ஜெயா


சானமாவு,
6.7.2025

ஜெயப்ரியாவுக்கு,

அறிவிப்பை நான் படித்தேன். படித்ததால்தான் உன்னைக் கேட்டேன். குப்பையில் போடு என்றாய்.

உன் அறிக்கையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே விண்ணப்பம் போடக் கிளம்பினேன். மூன்றும் ஒரே தெருவைக் காட்டின. போய் நின்றால் என் பழைய கிளை. மாதேஸ்வரன் சார் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "நீ போன சீட்டுக்குத்தான்மா ஆள் கேட்டிருக்கோம். நாங்க ஒரு தடவை போட்டோம், ஏஜென்சிக்காரன் ஒரு தடவை போட்டான், அவனே இன்னொரு சைட்லயும் போட்டிருக்கான். இனிமே நிரந்தரம் கிடையாது, ஏஜென்சி மூலமா ஒப்பந்தம்தான்" என்றார். வேண்டுமானால் ஏஜென்சியில் சொல்கிறேன் என்றார். வேண்டும் என்றேன்.

திங்கட்கிழமை சேர்ந்தேன். அதே கவுன்ட்டர், அதே நாற்காலி, பாதிச் சம்பளம். வருஷம் முடிந்தால் போகச் சொல்லலாம். பக்கத்து சீட்டில் நான் வேலை சொல்லிக்கொடுத்த ராஜாத்தி நிரந்தரமாய் உட்கார்ந்திருக்கிறாள். பாவம், என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறாள்.

அம்மா பண்ணைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். உன் அன்பைச் சொன்னேன். "அது நல்ல புள்ளதான், பெரிய வீட்டுப் புள்ள, அதுக்கென்ன தெரியும்" என்றாள். எனக்கு அவளைப் போல மனசு வரவில்லை. நீ தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். உனக்குத் தெரியாது என்பதைக்கூட நீ தெரிந்துகொள்ளவில்லை, அதற்குள் எனக்குச் சொல்லிவிட்டாய். தவறினால் போய் உட்காரத் தோப்பு இருக்கிறவளுக்கு அவ்வளவு சுளுவாய் வாய் வரும்.

இந்த வருஷம் மாம்பழம் அனுப்ப வேண்டாம். எனக்கு எழுதவும் வேண்டாம்.

ஓசூரில் கூடியதாய் நீ காட்டியிருக்கும் அந்த மூன்று வேலையும் நான் எழுந்து வந்த ஒரே நாற்காலி. அடுத்த அறிக்கையில் அதைக் கழித்துவிடு.

யுவஸ்ரீ,
த/பெ ஆஞ்சப்பன்