இன்று பள்ளிக்கு வரவில்லை

விழுப்புரம்
13.2.2025

அன்புள்ள தம்பி திருமுருகனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன். போனில் பேசினால் உன் மாமா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

திங்கட்கிழமை காலையில் அவருக்கு உங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து மெசேஜ் வந்தது. "தங்கள் மகள் வே. அஸ்வினி இன்று பள்ளிக்கு வரவில்லை. காரணம் தெரிவிக்கவும்." காரணம் உங்களுக்குத் தெரியாதா? கார்த்திகையில் டெங்குவில் போன பிள்ளை. மாலையோடு வந்து நின்ற பள்ளிக்கூடம்தானே அது? அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவன் அவளைத் தூக்கி வளர்த்த தாய்மாமன்தானே? அவனை நம்பித்தானே தினமும் வேனில் அத்தனை தூரம் அனுப்பினோம்?

கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டைக்கு எடை போட்டுக்கொண்டிருந்த மனிதர், மெசேஜைப் பார்த்ததும் அப்படியே திண்டிவனம் பஸ் ஏறிவிட்டார். பள்ளிக்கூட கேட்டில் நின்று, "பாப்பா வர்லன்னு மெசேஜ் வந்துச்சி. வூட்லயும் இல்ல. எங்க போச்சின்னு பாக்க வந்தேன்" என்றாராம். வாட்ச்மேன் ராஜாமணிதான் டீ வாங்கிக் கொடுத்து, கூடவே பஸ்ஸில் வந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார். என் தம்பி எங்கே என்று கேட்டேன். "கம்ப்யூட்டர் ரூம்ல வேல பண்ணிக்கினு இருக்காரும்மா" என்றார். நன்றாக வேலை செய்கிறாய்.

புதன்கிழமையும் வந்தது. இன்றும் வந்தது. பெயரை எடுத்துவிட்டேன் என்று மார்கழியிலேயே சொன்னாயே, எடுத்த பெயர் எப்படித் திரும்பி வந்தது? பிள்ளையைத் தவிர மற்றதெல்லாம் திரும்பி வருமா உங்களுக்கு?

இப்படிக்கு,
உன் அக்கா கலைப்பிரியா


திண்டிவனம்
16.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை முழுதாகப் படிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. நீ என்ன திட்டினாலும் தகும். நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளியின் வருகை, மார்க் எல்லாம் ஒரு கம்பெனியின் கிளவுடில் இருக்கிறது. கிளவுடில் இருந்தால் போகவே போகாது என்று கரஸ்பாண்டென்ட் நம்பினார். அதனால் தினசரி பேக்கப் வேண்டாம் என்றுவிட்டார். நானாக அவ்வப்போது ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து வைப்பேன். முடிந்தது என்று பச்சை டிக் வரும், எடுத்துப் பூட்டிவிடுவேன். ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. போன வாரம் அந்தக் கம்பெனியின் சர்வர் கெட்டுப்போனது. பிரதிகளைத் திறந்தால் ஒன்றிலும் ஒன்றுமில்லை. தீபாவளிக்கு முன்னால் எடுத்தது மட்டும்தான் திறந்தது. அதை ஏற்றினேன்.

அதில் அஸ்வினி நாலாம் வகுப்பில் இருந்தாள். அவள் போனதும், நான் பெயரை எடுத்ததும் அதற்குப் பிறகுதான். எனக்கு அது உறைக்கவில்லை. டீச்சர் வந்த பிள்ளைகளுக்கு டிக் போட, வராதவர்கள் வீட்டுக்கு மெசேஜ் தானாகப் போய்விட்டது. அரையாண்டு மார்க்கை மறுபடி ஏற்றும்வரை எதிலும் கை வைக்காதே என்றார் கரஸ்பாண்டென்ட். நானும் தலையாட்டினேன். அதுதான் பெரிய தப்பு.

மெசேஜை நிறுத்திவிட்டேன். பள்ளி ஆப்பில் அவள் பக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது. அதை அழித்தால் போட்டோ, மார்க், டீச்சர் போட்டு வைத்தது எல்லாம் போய்விடும். அந்தப் பழைய பிரதியையும் அழித்தால் பிறகு யாராலும் எடுக்க முடியாது. மாமாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல் அக்கா.

உன் தம்பி
திருமுருகன்


விழுப்புரம்
20.2.2025

தம்பிக்கு,

மாமாவைக் கேட்க என்ன இருக்கிறது? மெசேஜ் நின்ற பிறகும் மனிதர் போனைக் கீழே வைப்பதில்லை. சாப்பிட்ட கையோடு அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். இன்னும் என்ன வரும் என்று காத்திருக்கிறாரோ. இப்படியே விட்டால் இன்னொரு நாள் பஸ் ஏறுவார். ராஜாமணி எத்தனை தடவை டீ வாங்கிக் கொடுப்பார்?

பெற்றவள் நான் சொல்கிறேன், போதாதா? அவள் பக்கத்தை அழி. அந்தப் பிரதியையும் அழி. எங்கேயும் எதையும் மிச்சம் வைக்காதே.

அக்கா


திண்டிவனம்
27.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி செய்துவிட்டேன். கம்ப்யூட்டர் 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். பழைய ஹார்ட் டிஸ்கையும் முழுக்கத் துடைத்துவிட்டேன். மறுபடி ஏதாவது கெட்டு, அவள் பெயர் உங்கள் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

இப்போது தினமும் பிரதி எடுக்கிறேன். ஒன்று பள்ளிக்கு வெளியே, என் பீரோவில் இருக்கிறது. சனிக்கிழமையானால் திறந்து, ஏற்றிப் பார்த்துவிடுகிறேன். கரஸ்பாண்டென்ட்கூட, "இத முன்னாடியே பண்ணியிருக்கலாமில்ல?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை ஏதாவது சொல்லியிருப்பேன்.

சித்திரைப் பிறப்புக்கு வருகிறேன். மாமாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டால்தான் எனக்கு மனசு ஆறும்.

உன் தம்பி
திருமுருகன்


விழுப்புரம்
9.3.2025

திருமுருகனுக்கு,

உன் மாமா எதற்கும் காத்திருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சர் வாராவாரம் பிள்ளைகளைப் பாடம் வாசிக்கச் சொல்லி, குரலைப் பதிந்து ஆப்பில் போடுவார்களாம். நீ ஏற்றிய பழைய பிரதியோடு அதுவும் திரும்பி வந்திருக்கிறது. அவள் வாசிக்கிறாளாம். நடுவில் ஒரு வரி தடுக்கி, "மிஸ், மொதல்லேர்ந்து படிக்கட்டா?" என்று கேட்கிறாளாம். அவர் சொல்லித்தான் தெரியும், நான் கேட்கவில்லை. நான் தாங்கமாட்டேன் என்று எனக்குத் தெரியாமல் மாடியில் வைத்துக் கேட்டிருக்கிறார். அவள் வீடியோ இருந்த போன் ஆஸ்பத்திரியிலேயே திருடுபோனது உனக்குத் தெரியும். அவள் குரல் என்று மிச்சம் இருந்தது இந்த வாசிப்பு ஒன்றுதான்.

திடீரென்று ஒருநாள் பக்கம் திறக்கவில்லை. கீழே இறங்கி வந்து, "யாரு அழிச்சது? உன் தம்பியா?" என்றார்.

"ஆமா. என்னக்கூட ஒரு வார்த்த கேக்கல" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. பிறகு திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. அழிக்கச் சொன்னது நான்தான் என்று தெரிந்தால் அந்த மனிதர் என் முகத்தை இனிப் பார்க்கமாட்டார். மாமாவைக் கேள் என்று நீ எழுதினாய். கேட்க வேண்டாம் என்றது நான். எல்லாம் தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

அவர் போன் செய்து திட்டுவார், வாங்கிக்கொள். அக்காதான் சொன்னாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. என் கடிதங்களைக் கிழித்துவிடு. சித்திரைக்கு வராதே. "அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார், நானும் சரி என்றேன்.

எனக்கு இனி அவர் ஒருவர்தான். தம்பி இல்லாமல் இருந்துகொள்கிறேன்.

கலைப்பிரியா