அடாவடி வருகிறாள்

பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை

செல்லப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய இடது காது மட்டும் வழக்கம்போல் வேலைக்கு வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், நாம் பேசுவது கீழ்வீட்டு டீச்சர் வரைக்கும் போகிறது, அவர் படியில் என்னைப் பார்த்ததும் குட்டிப் பயலுக்குப் பல் முளைத்துவிட்டதாமே என்று விசாரிக்கிறார். இதில் நான் எழுதப்போவது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியக் கூடாதது. அப்பா வெளியே போயிருக்கிறார், வருவதற்குள் எழுதி முடித்து உறையை ஒட்டிவிட வேண்டும், கையெழுத்து ஓடினால் பொறுத்துக்கொள்.

அப்பா ஓட்டுகிற அடாவடிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். போன வாரம் போனில் இதைச் சொன்னபோது நீ "அப்பாடா" என்றாய். அப்பா காது கேட்காதவர் மாதிரி எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், ஆனால் உன் பேச்சு வந்தது அவருடைய நல்ல காதுப் பக்கம். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து அவ்வளவு சத்தம் போடுகிற விமானம் எதுவும் இங்கே இறங்கக் கூடாதாம், உத்தரவு வந்துவிட்டது. கம்பெனியில் மூன்று எஞ்சினோடு மிச்சம் இருந்த சரக்கு விமானம் அவள் ஒருத்திதான், வயது நாற்பது, உன்னைவிடப் பன்னிரண்டு மூத்தவள். இப்போது அப்பா எங்கே போயிருக்கிறார் தெரியுமா, அவளைக் குளிப்பாட்ட. ஆறு கேப்டன்கள், வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத ஆறு பேர், காலை எட்டு மணிக்கே பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, வாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பிவிட்டார்கள். என் பாத்ரூம் பிரஷ் ஒன்று போயே போய்விட்டது.

அப்பா இரண்டு மாதமாகப் புது விமானம் ஓட்டப் பழகித் தேர்விலும் பாஸாகிவிட்டார், இன்னும் மூன்று வருஷம் அதில் பறப்பார். ஆனால் இருபத்து நாலு வருஷம் அடாவடிக்குள் கத்திக் கத்திப் பேசிய தொண்டை, புதிதில் உள்ளே அமைதியாக இருக்கிறதா, மேலே எழும்பினதும் சக்கரத்தை உள்ளே எடு என்று முதல் நாள் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் திடுக்கிட்டு மடியிலிருந்த காபியைக் கொட்டிக்கொண்டதாம். புதியது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்ல மரியாதையான விமானம், எதுவானாலும் திரையில் எழுதிக் காட்டுகிறது என்றார். அடாவடி எழுதிக் காட்ட மாட்டாளாம், காற்று கொஞ்சம் திரும்பினாலும் பிடித்திருக்கிற உள்ளங்கையில் தெரியுமாம். சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மட்டும் யோக்கியமா. உனக்குத்தான் தெரியுமே, அவள் நம் மொட்டை மாடிக்கு மேலே வரும்போது சமையலறை அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் கிலுகிலுவென்று ஆடும், அப்பா திரும்புகிற நாளில் ஆடினால் அடுப்பைப் பற்ற வைப்பேன், நாற்பது நிமிஷத்தில் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுவார். போன மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் டம்ளர் ஆடியது, என் கை தானாகப் போய் எல்லாவற்றையும் சூடு பண்ணித் தட்டு போட்டுவிட்டது. ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று, ஆளைக் காணோம். அப்புறம்தான் உறைத்தது, அன்றைக்கு அடாவடியை ஓட்டி வந்தவர் மொட்டை கேப்டன், அவர் தன் வீட்டில் சுகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறதே என்று திரும்பினால் ஒரு ஆள். கையிலிருந்த கரண்டியை வீசிவிட்டேன், தோளில் பட்டது. புது விமானத்தில் ஓசைப்படாமல் வந்து இறங்கிச் சாவி போட்டுத் திறந்துகொண்டு வந்திருக்கிறார் உன் அப்பா. தோளைத் தடவிக்கொண்டே, கல்யாணமான நாளிலிருந்து இன்றைக்குத்தான் உனக்குத் தெரியாமல் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று அப்படி ஒரு சிரிப்பு.

இப்போது ரகசியத்துக்கு வருகிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் நீ பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, விமானச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி டீச்சர் தெருவெல்லாம் கையெழுத்து வாங்கினார் இல்லையா, அந்த மனுவில் நானும் போட்டேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. அந்த மனு எங்கெங்கோ தூங்கி, அதோடு இன்னும் நாலைந்து மனு சேர்ந்து, கடைசியில் இந்த உத்தரவாக வந்து நிற்கிறது. அவர் வாடிப்போன முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. தெரியும், மூன்றாவது பக்கம், உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் விரல் அடையாளம்கூட இருந்தது என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். நாலாவது பக்கத்தில் முதல் கையெழுத்து அவருடையதாம். தொழில் என்று கேட்ட இடத்தில் டிரைவர் என்று எழுதி, டீச்சர் அனுப்பிய பையனிடம் கொடுத்திருக்கிறார், அது அவர்தான் என்று டீச்சருக்கு இன்று வரை தெரியாது. அவர் இன்னொரு ஷூவை எடுத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பாப்பா காதுல பஞ்சை வச்சுக்கிட்டு, அதுக்கு மேல ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டுப் படிச்சதைப் பாத்தேன். அடாவடிக்கு என்ன, வேற எங்கயாவது போய் இறங்கிக்குவா. பாப்பாவுக்குப் பரீட்சை ஒரு தடவைதானே."

நீ அந்த ஊருக்குக் கிளம்பிய அன்றைக்கு என் காதுபட அவரிடம் சொல்லிவிட்டுப் போனாயே, "உங்களுக்கு நான் ரெண்டாவது பொண்ணுப்பா, மூத்தவ ஓடுபாதையில நிக்கிறா" என்று, அதை அவர் இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லவில்லை, மறுத்தும் பேசவில்லை. உன் பிறந்தநாளுக்கு அவர் பாதி தடவை வீட்டில் இல்லை என்பது வாஸ்தவம்தான், அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் யார் மூத்தவள் என்று இனிமேல் நீ கேட்கக் கூடாது. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டார். சொல்லக் கூடாது என்றுதானே வாங்கினார், எழுதக் கூடாது என்று வாங்கவில்லையே.

இன்னொன்று கேள். ஓட்டினவர்களுக்கெல்லாம் அடாவடியிலிருந்து ஞாபகமாக ஒரு சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. மூன்றாவது ஆளாக உட்கார்ந்து எஞ்சின்களைப் பார்த்துக்கொள்கிற நம் எஞ்சினியர் மாமா தன் நாற்காலியையே கேட்டுவிட்டார், புதியதில் அந்த வேலையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. அது வீட்டுக்குள் வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று மாமி சொல்லிவிட்டார், மாமா யோசித்துக்கொண்டிருக்கிறார். உன் அப்பா மட்டும் சாமான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம், அவளைத் தான் ஓட்டிப் போகிற கடைசிப் பயணத்தில் பின் சீட்டில் பெண்டாட்டியை உட்கார வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று. கொடுத்துவிட்டார்கள். இருபத்து நாலு வருஷம் அவளுடைய சத்தத்தைக் கேட்டவள், அவர் சட்டையை மோந்து பார்த்தே இன்றைக்கு ஏற்றினது பூவா டயரா மீனா என்று சொல்லுகிறவள், ஒரு நாளாவது உள்ளே ஏறிப் பார்த்ததுண்டா. கனமான செருப்பு கூடாது, புடவையை இறுக்கிக் கட்டு, காதுக்கு மூடி நான் தருகிறேன் என்று தினமும் எனக்குப் பாடம் நடக்கிறது. எனக்குப் புதுப் பெண் மாதிரி வெட்கமாக இருக்கிறது.

போகிற இடம் எது என்று நினைக்கிறாய். பழைய விமானங்களை நிறுத்தி வைக்கிற மைதானம் உங்கள் ஊருக்கு வெளியேதான் இருக்கிறதாம். எஞ்சினியர் மாமா வரைபடத்தை எங்கள் சாப்பாட்டு மேஜையில் விரித்துக் காட்டினார், இறங்குகிற வழி உங்கள் தெருவுக்கு நேர் மேலே. உன் வீட்டின் மேல் அப்பா பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார், நான் பார்க்காதபோது. குட்டிப் பயலுக்கு எட்டு மாதம் ஆகிறது, பிரசவத்துக்கு வந்த நானாவது தூக்கிக் கொஞ்சினேன், அவர் இன்னும் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருந்தும் உன்னிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, அந்தச் சத்தம் பிடிக்காதவளிடம் அதே சத்தத்தில் வந்து இறங்குகிறேன் என்று எப்படிச் சொல்வது என்கிறார். ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார், திரும்புகிற டிக்கெட்டுக்கு இன்னும் தேதி போடவில்லை. எத்தனை ஊருக்குப் போனாலும் ஏறிப் போனவளிலேயே திரும்பி வந்த மனுஷர், இந்தத் தடவை அவளை அங்கே விட்டுவிட்டுச் சூட்கேஸோடு கேட்டில் நிற்பார். அப்போது நீ அங்கே இருக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

முதுகு வலி இருந்தால் குனிந்து குழந்தையைத் தூக்காதே, உட்கார்ந்து தூக்கு. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், குட்டிப் பயலுக்கு என் ஆயிரம் முத்தம்.

மறக்காதே. முப்பதாம் தேதி, சனிக்கிழமை, உங்கள் நேரம் காலை பத்தரை. ஜன்னல் அதிரும், குழந்தை தூங்கினால் எழுந்துவிடும், எழட்டும், மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டு. மாப்பிள்ளையைக் காரோடு முன்னாலேயே கேட்டுக்கு அனுப்பிவிடு, நீ பின்னாலேயே வந்து சேர். கிளம்புவதற்கு முன்னால், உன் அலமாரியில் டம்ளர் ஆடினதும், சாப்பாட்டை மட்டும் சூடு பண்ணி மூடி வைத்துவிடு. அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம்.

உன்,
அம்மா