எரிந்தது முதலாம் பாகம்

நவம்பர் 6, செவ்வாய்
விடியத் தொடங்கிய மழை. கரண்ட் இல்லை. கொழும்பில் சிமுலேட்டர் சோதனைக்கு இன்னும் ஒன்பது நாள். தோஹாவில் விமான மெக்கானிக்காக இருக்கும் அத்தான் அனுப்பிய விமானிக் கையேடு, இரண்டு பாகம். இன்று வாசித்தது: எஞ்சினில் தீ. வளவளா இல்லாத புத்தகம். யார் வாசிப்பது, யார் கை வைப்பது, அவ்வளவுதான். எஞ்சினை நிறுத்த முதல் ஒருவர் சுவிட்சைத் தொட்டுக் கேட்க வேண்டும். மற்றவர் ‘சரி’ சொன்ன பிறகே நிறுத்தலாம். பிடித்திருக்கிறது.
வாங்க: சவர்க்காரம், பற்றரி, நீலப் பேனை.

நவம்பர் 8, வியாழன்
இரண்டாம் பாகத்தைப் போட்டோக்கொப்பி எடுக்கக் கொண்டு போனேன். உட்துறைமுக வீதி ஆமிச் சென்றியில் மறித்துப் பையைக் கிளறினார்கள். விமானி அறைப் படத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் அதிகாரியைக் கூட்டி வந்தார்கள்.
“நங்கி, தங்கச்சி, பிளேன் ஓட்டுறதா? எங்க குண்டு போட?”
கொழும்பில் படித்து எடுத்த லைசென்ஸைக் காட்டினேன். சிரித்தான். மூன்று மணித்தியாலம் வாங்கில் இருத்தி வைத்தார்கள். புத்தகம் அவர்களிடம். எடுத்ததற்கு ஒரு ரசீதுத் துண்டுகூடத் தரவில்லை. நாய்கள்.

நவம்பர் 9, வெள்ளி
குளித்துவிட்டு வந்தால் குசினியில் கடுதாசி மணம். அப்பா முதலாம் பாகத்தை ஒவ்வொரு தாளாகக் கிழித்து அடுப்பில் போடுகிறார்.
“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?”
“கேட்டா விடமாட்டாய். அவங்கள் வந்து உன்னைக் கொண்டு போனா நான் எங்க பிள்ளை தேடுறது?”
கத்தினேன். தட்டை எறிந்தேன். சாப்பிடவில்லை.

நவம்பர் 12, திங்கள்
தொலைபேசிக் கடை. அத்தான் தன்னிடமுள்ள பிரதியிலிருந்து எஞ்சின் தீயையும் இரண்டாம் பாகப் பொருளடக்கத்தையும் வாசிக்க வாசிக்க எழுதினேன். கூட வந்த அக்கா பின்னால் நின்று, “போனில நெருப்பு, எஞ்சின் எண்டு கத்தாதை.” நான் என்ன, அடுப்பு மூட்டவா கேட்கிறேன்? எட்டுப் பக்கம் எழுதியதும் லைன் அறுந்தது. அப்பாவோடு கதை இல்லை, நான்காம் நாள்.

நவம்பர் 15, வியாழன். கொழும்பு
இடது எஞ்சினில் தீ. சுவிட்சைத் தொட்டேன், கேட்டேன், ‘சரி’ வந்த பிறகு நிறுத்தினேன். பிறகு சோதகர் இரண்டாம் பாகத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டார். “மனப்பாடம் இல்லை சேர், எங்கே இருக்கிறது என்று தெரியும்” என்றேன். புத்தகத்தைத் தள்ளினார். அத்தியாயம், தலைப்பு, பக்கம். எடுத்துக் காட்டினேன்.
பாஸ்.
அப்பாவுக்குப் போன்.
“நல்லது பிள்ளை. நேற்று ஆமி வந்து வீடு முழுக்கக் கிண்டினவங்கள். உன்ரை பேரைச் சொல்லிக் கேட்டவங்கள். அங்கையே நில். இஞ்ச வராதை.”
எரித்தது சரிதானே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.