ஒரே எண்ணில் இரண்டு கடை

மார்ச் 3, செவ்வாய்

புதுக் கடைக்குப் போனேன். தம்பி பொறுப்பில் விட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர் "முதலாளி!" என்று கூப்பிட்டார். நானும் திரும்பினேன், தம்பியும் திரும்பினான். கூப்பிட்டது அவனை. என்னிடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், வெளிச்சம் மறைக்குது" என்றார்.

இடம் பிடித்தது நான். சரக்கு இறக்கியது நான். நான் வெளிச்சத்தை மறைக்கிறேனாம்.

மார்ச் 5, வியாழன்

புதுக் கடைக்கு ரவுட்டர் வந்துவிட்டது. அதை மாட்டினால் எந்த டைல்ஸ் எங்கே இருக்கிறதென்று இரண்டு கடையும் கிடங்கும் ஒரே திரையில் பார்க்கலாம். இந்த இணைப்பெல்லாம் செய்து தருகிற ஒயர்காரம்மா விடுப்பில் இருக்கிறார். தம்பி, "அவங்க வரட்டும், நம்ம கடைக்குத் தனியா அமைச்சுத் தருவாங்க" என்றான். நம்ம கடை! தனியா! சுருக்கென்றது.

என் கடைக் கணினியைப் பார்த்துக்கொள்கிற கணினி ஆளைக் கூப்பிட்டேன். "என் கடை ரவுட்டர்ல இருக்கிறதை அப்படியே நகல் எடுத்துப் போடு."

"முகவரியை மட்டும் மாத்தியாகணும் சார். இல்லேன்னா ஓடவே ஓடாது."

"அதை மட்டும் மாத்து. மத்ததெல்லாம் என்னோடதாவே இருக்கட்டும்."

மார்ச் 6, வெள்ளி

புதுக் கடைத் திரையில் கிடங்குச் சரக்கு வருகிறதாம், மறைகிறதாம். தம்பி வாடிக்கையாளர்களிடம் அசடு வழிந்தானாம். மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

இன்று என் கடையிலும் அதே கூத்து. நெடுநாள் மேஸ்திரி காத்திருந்து பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். வீட்டில் சொன்னால் மனைவி, "தம்பி கடை நொண்டினப்ப சிரிச்சீங்களே, இப்பவும் சிரிங்க" என்கிறாள்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். "அண்ணே, என்னால முடியல. எல்லார்கிட்டயும் பொய்யன்னு பேர் வாங்கிட்டேன். நாளைக்குச் சாவியைக் குடுத்துடறேன். கடையை நீங்களே பாத்துக்குங்க."

இதைத்தானே விரும்பினேன்? அப்புறம் ஏன் 'சரி' என்று சொல்லாமல் போனை வைத்தேன்? அவன் போய்ட்டா எனக்குன்னு யார் இருக்கா — சே.

மார்ச் 10, செவ்வாய்

ஒயர்காரம்மா வந்தார். பார்த்த உடனே சிரித்துவிட்டார்.

"ஒவ்வொரு ரவுட்டரும் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட 'நான் இன்னார், என்கிட்ட இந்த வழியெல்லாம் இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும் சார். இன்னார்ங்கிறதுக்கு, முகவரி போக, தனியா ஓர் எண். உங்க ரெண்டு கடையும் ஒரே எண்ணைச் சொல்லுது. அது பேசினதைக் கேட்டு இது, 'என் பேர்ல வந்திருக்கே, நான் எங்க அப்படிச் சொன்னேன்?'னு திருத்திப் பேசுது. உடனே அது இதைத் திருத்துது. கிடங்கு பாவம், கடைசியாப் பேசினது யாரோ அவங்களை நம்புது. யார் பார்த்த வேலை இது?"

கணினி ஆள் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"எண்ணே வைக்காம விட்டா?" என்று பேச்சை மாற்றினேன்.

"தன் முகவரிகள்ல பெரிசா ஒண்ணை அதுவே எடுத்துக்கும். நாமளே வெச்சுடறதுதான் நல்லது."

"அப்ப எனக்குப் பெரிய எண்ணா வைங்க."

"இங்க பெரிசு சின்னது ஒண்ணுமில்ல சார். வேற வேறயா இருந்தாப் போதும். ஒரு கடையோட எண்ணை மாத்திடலாம். ஆனா மாத்தின உடனே ஏத்துக்காது. நிறுத்தி மறுபடி கிளப்பணும். அதுவரைக்கும் அந்தக் கடை சும்மாதான் உட்காரணும். எதை மாத்தட்டும்?"

சாவியோடு வந்து நின்ற தம்பி சொன்னான்: "என்னோடதை மாத்துங்க. அந்த எண் அண்ணனோடது."

விட்டுக்கொடுப்பதிலும் இவனே முந்திக்கொள்கிறான்! எனக்குப் பொறுக்கவில்லை.

"வேணாம். என் கடையை நிறுத்துங்க. புது எண் எனக்கு."

பெருந்தன்மை என்று ஒயர்காரம்மா நினைத்திருப்பார். வெறும் வயிற்றெரிச்சல். ஆனால் தம்பி, "அண்ணே..." என்று சொல்லி அப்படியே நின்றான். நான் முறைத்தேன். "நிக்கிறியே, உன் கடையை யார் திறக்கிறது?"

சாவி அவன் சட்டைப்பைக்கே திரும்பிப் போனது.

மார்ச் 21, சனி

எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. இன்று புதுக் கடையில் உடைந்த டைல்ஸைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் என்னுடைய கடையைவிட அதிகம். வயிறு எரியவில்லை என்று எழுதமாட்டேன், எரிந்தது.

வாசலில் யாரோ "முதலாளி!" என்றார்கள்.

நான் குனிந்தபடியே இருந்தேன். "தோ வரேன்" என்று தம்பி போனான்.