கொழுந்து மாடியில் பத்துக் கிலோ பாசி

கீழ்ப்பிரிவு லயம்,
பசறை.
12ஆம் திகதி, வியாழன்.

அன்பு மகள் விதுஷாவுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்தக் கிளிநொச்சி வெயிலில் கருகிப் போகாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பா சுகம் என்று எழுதிவிட்டேன், உடம்புக்கு மட்டும் சுகம் என்று திருத்தி வாசி. மற்றபடி தேயிலை அரைக்கிற ஸ்டோரில் அவரைக் கண்டால் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், அதற்குக் காரணம் நீதான். போனில் சொல்லலாம் என்றால் மூன்றாவது நிமிடத்தில் லெக்சர் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போனவர்கள் விட்டுப்போன இருபத்தொரு குழந்தைகளையும் தூங்க வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று எழும்பினால் மற்ற இருபதும் எழும்பும், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

மூன்று கிழமைக்கு முன்னால் நீ அழுதுகொண்டு கோல் எடுத்தாயே, தடிமன் என்று சொன்னாய், தடிமனுக்கும் அழுகைக்கும் மூக்கு எப்படி உறிஞ்சும் என்று எனக்குத் தெரியாதா. கடைசி வருஷ ஆராய்ச்சிக்குப் பாசியிலிருந்து எண்ணெய் எடுக்கிற விஷயத்தை எடுத்திருக்கிறேன், அதில் எதைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று ஒரு கேள்வி எழுதிக் கொடுக்க வேண்டும், மூன்று கேள்வி கொடுத்தும் ஸஜீதா மேடம் மூன்றையும் திருப்பிவிட்டார் என்றாய். முதலாவது, இலங்கையில் ஓடுகிற வாகனம் எல்லாவற்றையும் பாசி எண்ணெயில் ஓட்டலாமா என்பது. இதற்கு உன்னோடு ஒரு அரசாங்கமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றாராம் மேடம். இரண்டாவது, உலகத்திலேயே எந்தப் பாசியில் எண்ணெய் கூட என்பது. உலகம் நம்முடைய லேப்பில் கொள்ளாது என்றாராம். மூன்றாவதை உன் கூட்டாளி றிஸ்னி வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்து எழுதினாய், எனக்கு வாசித்துக் காட்டியபோது ஒரு மூச்சில் முடியவில்லை, மேடம் அதைப் பார்த்துவிட்டு இது யாருடைய கேள்வி என்று மட்டும் கேட்டாராம். எனக்கு அந்த மேடத்தைப் பிடித்துப் போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஆனால் அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் பிடிக்கவில்லை. இந்த மாதம் இருபத்தெட்டாம் திகதிக்குள் கேள்வி கிடைக்காவிட்டால் பாசியை விட்டுவிட்டு மேடம் எதைக் கொடுக்கிறாரோ அதைச் செய்கிறேன், "நமக்கு பதில் எழுதத்தாம்மா தெரியும், கேள்வி கேக்கத் தெரியாது, காலையில பெரட்டுல வரிசையா நின்னு குடுத்த வேலைய வாங்கிட்டுப் போற ஆளுங்கதானே" என்று சொன்னாய். போன் ஸ்பீக்கரில் கிடந்தது, அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். தின்ற ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் பார்த்தால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் செய்தி பரவியிருக்கிறது, கணபதியின் மகளுக்கு அவசரமாக ஒரு கேள்வி தேவையாம் என்று. ஆளுக்கு ஒன்று கொண்டு வந்தார்கள். பக்கத்துக் காம்பராக் கருப்பம்மா அக்கா அந்த எண்ணெயில் வடை சுட்டால் வடை பச்சையாக வருமா என்று கேட்கச் சொன்னார். ஆட்டோ ஓட்டுகிற இன்பாஸ், ஒரு லீட்டருக்கு லுணுகலை வரை போகுமா, ஏற்றத்தில் இழுக்குமா என்று கேட்கச் சொன்னான். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததில் சீனி முடிந்ததுதான் மிச்சம். அப்பா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர் சும்மா இருக்கிறார் என்றால் ஏதோ செய்யப் போகிறார் என்று இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை, தண்ணீர் விழுகிற பீலிக்குக் கீழே இருக்கிற பழைய தொட்டியில் இறங்கி, நூல் நூலாகப் படர்ந்திருந்த பாசியை அள்ளி, என்னுடைய ஊதாச் சேலையில் கட்டி முறுக்கிப் பிழிந்திருக்கிறார். போன தீபாவளிக்கு நீ வாங்கிக் கொடுத்த சேலை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிழிந்ததை ஸ்டோருக்குக் கொண்டு போய்த் தராசில் வைத்தால் பத்துக் கிலோ. உன் அப்பாவுக்குப் பச்சையாக எது கையில் வந்தாலும் ஒரே வேலைதான் தெரியும், நிறுக்க வேண்டும், ஸ்டோர் மாடியில் வலை மேல் பரப்பி அடியிலிருந்து காற்று விட்டு வாட்ட வேண்டும், மறுபடி நிறுக்க வேண்டும். தேயிலைக் கொழுந்துக்குச் செய்வதைப் பாசிக்கும் செய்தார். கொழுந்து குறைந்த நாள், வலையில் ஒரு மூலை காலியாகக் கிடந்ததாம். விடிந்ததும் வாரி எடுத்து நிறுத்தாராம், ஆறு கிலோ, சிகரெட் பெட்டி அட்டையில் எழுதியும் வைத்தாராம். எழுதியவர் வலையைக் கழுவினாரா என்று கேள். கழுவவில்லை. ஒட்டியிருந்த மிச்சப் பாசி மேலேயே அடுத்த கொழுந்தைக் கொட்டியிருக்கிறார்கள், அது கொழுந்தோடு கொழுந்தாக அரைபட்டுக் காய்ந்து தேயிலையாகிவிட்டது.

அடுத்த நாள் காலையில் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஜெஸீம் ஐயா வழக்கம்போலக் கோப்பைகளை வரிசையாக வைத்து உறிஞ்சி ருசி பார்த்துக்கொண்டு வந்தாராம். அவர் எப்போதும் உறிஞ்சித் துப்புகிறவர்தான், அன்றைக்கு நாலாவது கோப்பையில் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, மறுபடி உறிஞ்சி, மறுபடி துப்பி, "இருவத்தொம்பது வருஷத்துல தேயிலையில தவளை வாடை இன்னைக்குத்தான்டா பாக்குறேன்" என்று கத்தினாராம். ஸ்டோரே கூடிவிட்டது. அப்பா முன்னால் போய் நின்று, "நாந்தாங்கய்யா, மக ஆராய்ச்சிக்கு" என்று ஒத்துக்கொண்டார். நல்ல வேளை ஒரு சின்னத் தட்டுத் தேயிலைதான், அதைத் தனியாக ஒதுக்கிவிட்டார்கள். அப்பாவை மாடியிலிருந்து இறக்கி, டிரையர் அடுப்புக்கு விறகு எடுத்துக் கொடுக்கும் விறகுக் கொட்டிலில் இரண்டு கிழமைக்குப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார், சேலைக்குத் தனியாக.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன், அவசரமாக வாசிக்காதே. கொட்டிலில் போட்டது டீமேக்கர் செய்த பிழை. மாடியில் இருந்தவரைக்கும் அப்பாவுக்கு வாட்டுவது மட்டும்தான் தெரியும், காயவைக்க எவ்வளவு விறகு போகிறது என்று கண்ணால் பார்த்ததில்லை. வாட்டிய அந்த ஆறு கிலோவில் கொஞ்சத்தை அடுப்பு முகப்பில் தகரத்தில் வைத்துக் காயவைத்திருக்கிறார். கொழுந்து நாலரைக் கிலோவுக்கு ஒரு கிலோ தேயிலை வரும், இது கணக்குப் பார்த்தால் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோகூடத் தேறவில்லையாம், மிச்சம் முழுக்கத் தண்ணீர். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது மனிதருக்கு. சோற்றைப் பிசைந்துகொண்டே, இவ்வளவு தண்ணீரை வற்றவைக்க எரிக்கிற விறகு கூடவா, கடைசியில் வருகிற எண்ணெய் தருகிற நெருப்பு கூடவா, விறகுதான் கூட என்றால் பிள்ளை எதற்கு எண்ணெய் எடுக்கிறது என்று என்னைக் கேட்கிறார். என்னைக் கேட்டால்? நான் குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கிறவள். கடைசியில் போன செவ்வாய்க்கிழமை நேரே டீமேக்கருடைய அறை வாசலில் போய் நின்று, "ஐயா, பாசிய முதல்ல ஒரு ராத்திரி காத்துல வாட்டிட்டுக் காயவச்சா எவ்வளவு வெறகு மிச்சமாகும், யாராவது நிறுத்துப் பாத்திருக்காங்களாங்கய்யா" என்று கேட்டிருக்கிறார். ஜெஸீம் ஐயா திட்ட வாயைத் திறந்தவர், கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பாசிக்கு எனக்குத் தெரியாது கணபதி, ஒக்காரு" என்றாராம். நாற்காலியில் உட்காரச் சொன்னாராம் விதுஷா. வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் இருபத்தெட்டு வருஷம் நின்ற மனிதர், இத்தனை காலத்தில் இன்றைக்கு எந்த மலையில் வேலை என்றுகூட வாய் திறந்து கேட்டவர் இல்லை. வீட்டுக்கு வந்து அந்த நாற்காலியைப் பற்றி இரண்டு முறை சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் அவர் கவனிக்கவில்லை.

இது மேடத்துக்குக் கொடுக்கிற மாதிரிக் கேள்வியா, இல்லையா, எனக்குத் தெரியாது. பெரிய புத்தகங்களில் யாராவது எப்போதோ பதில் எழுதி வைத்திருக்கலாம், தேடிப் பார். அப்பா கேட்டார் என்பதற்காக அப்படியே எழுதிக் கொடுத்துவிடாதே, அப்புறம் மேடம் மறுபடி இது யாருடைய கேள்வி என்று கேட்பார். பிழை என்று பட்டால் எங்கே பிழை என்று எழுது, அவருக்கு அதுவும் வேண்டும். ஆனால் நமக்குக் கேள்வி கேட்கத் தெரியாது என்று மட்டும் இனி என் காதில் விழச் சொல்லாதே, சொன்னால் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்கே வந்துவிடுவேன்.

தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் தலையில் துணி போடாமல் திரியாதே, வியாழக்கிழமை விரதம் என்று வெறும் வயிற்றில் லேப்புக்குப் போகாதே. முருகன் உன் கூடவே இருப்பார், எங்கள் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. இந்தக் கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்கு உடனே ஒரு கோல் எடு, மறந்துவிடாதே. இரண்டு கிழமைத் தண்டனை முடிந்துவிட்டது, நேற்று மாடிக்கு வரச் சொல்லி டீமேக்கர் ஆள் அனுப்பினார். "இன்னும் ஒரு கெழம இங்கயே இருந்துக்கிறேங்கய்யா, வெறகு நிறுத்து முடியல" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

இப்படிக்கு,
உன் படிப்புக்கு ஒரு ஊதாச் சேலை கொடுத்த
அம்மா