நீல அட்டை வைக்கும் முன்

நிலாத் தளம். பள்ளிப் பதிவேடு.
எழுதுபவர்: சுபத்ரா. ஆசிரியை. காற்று இயந்திரப் பொறுப்பும் நானே.

நாள் 212 / 08:40
பெரியவர்கள் வண்டியில் பனிச் சுரங்கத்துக்குப் போய்விட்டார்கள். விண்ணுடைகளும் அவர்களோடு போய்விட்டன. தளத்தில் நானும் நான்கு குழந்தைகளும்.

பாடம்: கதையில் சிக்கலும் தீர்வும். சிக்கலுக்குச் சிவப்பு அட்டை. தீர்வுக்கு நீலம். வகுப்பு விதி ஒன்றுதான்: கதையில் இருக்கும் எல்லாரையும் விரல் விட்டு எண்ண வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் நீல அட்டை வைக்கக் கூடாது.

இன்றைய கதையில் முயல் ஓடம் ஏறி ஆற்றைக் கடந்தது. கோழியைக் கரையிலேயே விட்டுவிட்டது. ஐந்து வயது ஜெபஸ்டின் என் கையிலிருந்த நீல அட்டையைப் பிடுங்கி அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். பெருமையாக இருந்தது.

09:25
வடிகட்டி மாற்ற இயந்திர அறைக்கு வந்தேன். சின்ன விண்கல். சுவரில் ஓட்டை. பசை பூசினேன், பாதிதான் அடைத்தது.

நடுக்கதவு தானே பூட்டிக்கொண்டது. இரு பக்கமும் அழுத்தம் சமமாகாமல் திறக்காது. நான் இந்தப் பக்கம். குழந்தைகள் அந்தப் பக்கம், வகுப்பறையில்.

இரண்டு அறைக்கும் பொதுவான காற்றுக்குழாய் மட்டும் மூடவில்லை. அதை மூடும் மோட்டார் எரிந்துவிட்டது. அவர்களுடைய காற்று குழாய் வழியாக என் அறைக்கு வந்து, ஓட்டை வழியாக வெளியே போகிறது.

கையால் மூடும் சக்கரம் வகுப்பறையில் இருக்கிறது. மூடினால் அவர்களுக்கு ஆறு மணி நேரம். மூடாவிட்டால் எல்லாருக்கும் அரை மணி.

09:31
ரேடியோவில் சொன்னேன்.
"நாலு பேரும் சேர்ந்து சக்கரத்த வலது பக்கம் திருப்புங்க."
ஃபர்ஹானா. ஆறு வயது. "மூடினா உங்களுக்கு எப்படி மிஸ் காத்து வரும்?"
போன வாரம் குழாயைப் படம் வரைந்து காட்டியவள் நான்தான். பதில் சொல்ல இரண்டு விநாடி ஆனது. அது போதும் அவளுக்கு.
"மிஸ்ஸ எண்ணல. நீல அட்டை வைக்கக் கூடாது."
"மிஸ், ஜெபஸ்டின் சக்கரத்துல கைய வைக்கிறான்!"
"பொய்! நான் சும்மா சாஞ்சேன்."

09:36
கெஞ்சினேன். கத்தினேன். குமுதினி அழ ஆரம்பித்தாள்.

வண்டியோடு வேறு அலைவரிசையில் பேசினேன். "திரும்பிட்டோம். நாப்பது நிமிஷம். தாங்கிக்கம்மா."

இங்கே ஒரு அவசர பம்ப் இருக்கிறது. அதன் சிலிண்டர் ஒரு ஆளுக்கு நாற்பது நிமிடம் வரும். ஒரு ஆளுக்கு, அதுவும் குழாய் மூடியிருந்தால். குழந்தைகளிடம் சொன்னதற்கு, "அது தீந்துட்டா மிஸ்?" என்றாள் ஃபர்ஹானா.

வேறு வகுப்பாக இருந்தால் டீச்சர் சொன்னதைச் செய்திருக்கும்.

09:40
கதையை மாற்றினேன்.
"வண்டி வந்துடுச்சு. உடை போட்டு நான் வெளியே வந்துட்டேன். வண்டில ஏறியாச்சு."
"யாரு ஓட்டுறா?"
"உங்க அம்மாதான், ஃபர்ஹானா."
"அம்மாகிட்ட குடுங்க."
"ஓட்டும்போது பேசலாமா?"
"கூடாது. அம்மாவே திட்டுவாங்க."
எண்ணினார்கள். வகுப்பில் நான்கு விரல். வண்டியில் ஒரு விரல்.

09:46
குழாயில் காற்று நின்றது. மூடிவிட்டார்கள்.
"நீல அட்டை வச்சாச்சு மிஸ்!"
பம்பை ஓடவிட்டேன், டக் டக்கென்று ஓடுகிறது. வண்டி வர முப்பது நிமிடம். சிலிண்டர் நாற்பது. மூன்று முறை கழித்துப் பார்த்தேன். பத்து மிச்சம் வருகிறது. பிழைத்துவிடுவேன் போலிருக்கிறது.

09:52
ஃபர்ஹானா.
"மிஸ், வண்டில ஏன் டக் டக்குனு கேக்குது? அது மிஷின் ரூம் சத்தம்ல?"
ரேடியோவைப் பம்பிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.
"நீங்க அங்கதான் இருக்கீங்க. நாலு பேருதான் ஆச்சு. டேய், அட்டைய எடு. எல்லாரும் சக்கரத்தப் பிடிங்க."
சக்கரம் கிறீச்சிடுகிறது. குழாயில் மெல்லக் காற்று வருகிறது. அவர்களுடைய காற்று. ரேடியோவை அணைத்தால் முழுசாகத் திறந்துவிடுவார்கள்.

09:53
பம்பை நிறுத்தினேன்.
"இப்ப கேக்குதா?"
"...இல்ல மிஸ்."
"வண்டி மேடு ஏறுச்சு, அதான். சக்கரத்த மூடிட்டு எண்ணுங்க."
கிறீச். குழாய் அடங்கியது.
"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு... மிஸ் அஞ்சு."

09:5
கண்டெடுப்பவருக்கு. விதி சரிதான். அதை அவர்களிடம் மாற்ற வேண்டாம். எண்ணிக்கையில் ஏமாற்றியது நான்.

ரேடியோ திறந்தே இருக்கிறது. பம்பைப் போட முடியாது. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

முயல் கதைக்கு முடிவு கேட்கிறார்கள். முயல் ஓடத்தைத் திருப்பியது. கரையில் கோழி இன்னும்