ஏழாம் மாடத்துச் செம்பருத்தி

மழை தவறாத நீர்வரம்பு நாட்டின் பேரமைச்சரும், ஆற்றுத்துறைகளின் காவலரும், எங்கள் இளவரசரை மணந்த கோதைநல்லாளின் தாய்மாமனுமாகிய விண்ணத்தரையரின் திருமுன்புக்குக் கற்கோட்டை நாட்டுப் பெருந்தூதர் சேந்தன் கூத்தர் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் ஆறுகள் கரைக்குள் ஓடுக. தங்கள் யானைகள் நலமுறுக. உடன்படிக்கை பேசிய நாளில் எங்கள் தூதரை நெடுநேரம் நிற்க வைத்துத் தாங்கள் மட்டும் அமர்ந்திருக்கக் காரணமாயிருந்த அந்த முழங்கால் வலி முற்றும் நீங்குக.

இங்கு அரசர் நலம். இளவரசர் நலம். இளவரசியார் மிக நலம். செம்பருத்தியும் நலம் என்று எழுதும் இடத்தில்தான் எழுத்தாணி தயங்குகிறது.

மணமகளோடு அவள் பிறந்த மண்ணின் செடியொன்று தொட்டியில் வரும் என்பதும், ஆண்டு நிறையும் பௌர்ணமியில் பெண்வீட்டார் வந்து பார்ப்பர் என்பதும், செடி பட்டுப்போயிருந்தால் பெண்ணும் தொட்டியும் ஒரே பல்லக்கில் தாய்வீடு திரும்ப வேண்டும் என்பதும் தங்கள் குலவழக்கம். இதனை உடன்படிக்கையில் சேர்க்கத் தாங்கள் கேட்டபோது, உப்பு வணிகர் தெருவில் பேரம் கேட்டே பல் முளைத்த இக்கூத்தர், ஒரு செடிதானே என்று மறுபேச்சின்றித் தலையசைத்தார். பேரம் பேசாமல் அவர் ஒப்புக்கொண்ட சரக்கு வாழ்நாளில் அது ஒன்றே. அதுவே இப்போது அவரை ஓரிடத்தில் உட்கார விடாமல் படிக்கட்டில் ஏற்றி இறக்குகிறது.

கற்கோட்டை முழுதும் பாறை என்பது தாங்கள் அறிந்ததே. இங்கே குடிகள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராய் நிலைமாடங்களில் வாழ்வர். தோட்டம் என்பது முகப்பில் வரிசையாய் நிற்கும் தொட்டிகளே. முற்காலத்துப் பஞ்சத்தில் எறும்புகள் சேர்த்து வைத்த தானியத்தை எடுத்துண்டு எங்கள் முன்னோர் பிழைத்தனர். அந்த நன்றிக்காக நாள்தோறும் விடியலில் தொட்டி விளிம்பில் அரிசிமாவு தூவுவது இந்நாட்டு வழக்கு. அரசரின் அன்னையார் பெரிய தேவியார் இதில் மிகக் கண்டிப்பானவர். ஏழாம் மாடத்தில் இருந்த, பேரன் மனைவியின் தொட்டிக்கு மட்டும் தம் கையாலேயே இருமடங்கு தூவி வந்தார்.

ஆடி பிறந்தபின் செம்பருத்தியின் தண்டெங்கும் வெள்ளை வெள்ளையாய் ஏதோ படிந்தது. எறும்புகள் ஏறுவதும் இறங்குவதுமாய் இருந்தன. எறும்பினம் தான் பெற்ற மாவைத் திருப்பிச் செடிக்கே சாத்துகிறது, இது பெரும் பேறு என்று பெரிய தேவியார் அருளினார். ஏழு மாடத்துப் பெண்டிரும் திரண்டு வந்து குலவையிட்டனர். தொட்டிக்குக் குங்குமம் வைத்தனர். கூத்தரும் கைகூப்பினார். இதை மறைப்பானேன்?

பிறகு இலை சுருண்டது. மேற்புறம் பாகு சிந்தியதுபோல் பிசுபிசுத்து, அப்பிசின்மேல் கரி பூத்தது. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. பௌர்ணமி நெருங்க நெருங்கக் கூத்தர் ஏழாம் மாடத்துக்கே அலைந்தார். அரசவையில் எல்லைக் காவல் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து மாடம் ஏறிவிடுவார். ஏறி, பார்த்து, இறங்கி, பார்த்தது சரிதானா என்று மறுபடி ஏறுவார். அவருக்கு வயிற்றுக்கோளாறு என்று அவையில் பேசிக்கொண்டனர். அவரும் மறுக்கவில்லை.

ஒருநாள் அவ்வாறு நிற்கையில், உப்புத்தெருவில் பழகிய கை தன்னையறியாமல் ஓர் இலையைப் பிடித்துப் புரட்டியது. பாக்கானாலும் பட்டானாலும் அடிப்புறம் பாராமல் வாங்காத கை அது. இலையின் அடியில் மாவு நகர்ந்தது. கூத்தர் ஒரு துளியை விரலிடை வைத்து நசுக்கினார், விரல் சிவந்தது. எந்த ஊர் அரிசிமாவு நசுக்கினால் சிவக்கும்? அது மாவன்று, சாறு குடிக்கும் மாவுப்பூச்சி. எறும்புகள் அதன் பின்புறம் கசியும் இனிப்பை நக்கிக்கொண்டு, பசுவை மேய்ப்பதுபோல் அதைத் தளிர் தளிராய்க் கொண்டுபோய் விட்டன. நாங்கள் மாவிட்டு அழைத்தது அந்த மேய்ப்பர்களைத்தான்.

இதைப் பெரிய தேவியாரிடம் யார் சொல்வது? தேவியாரின் அறமே பேரன் மனைவியை ஊருக்கு அனுப்பப் பார்க்கிறது என்று சொல்லும் நாவு மறுநாள் வாயில் இருக்குமா? ஆகவே கூத்தர் வேறு வழியில் போய், எறும்புகளில் முதியவையும் சூலுற்றவையும் உண்டே, அவை ஏழு மாடம் ஏறி வருவது பாவமன்றோ, மாவைக் கீழ்வாயிலிலேயே இடலாகாதா என்று உருக்கமாய் விண்ணப்பித்தார். தேவியார் அருளிய விடையை அவர் வாய்மொழியிலேயே தருகிறோம்: “ஏண்டா கூத்தா, எறும்பு உங்கிட்ட வந்து முட்டி வலிக்குதுன்னு சொல்லிச்சா? ஊரை ஏமாத்துற வேலையெல்லாம் உப்புத்தெருவோட வச்சுக்கோ. என்ன நடந்துச்சுன்னு சொல்லு.”

சொன்னார். தேவியார், “கீழயே போடச் சொல்றேன். ஆனா என் மாவுதான் காரணம்னு இந்த நாட்டுல ஒருத்தர் காதுலயும் விழக்கூடாது” என்றார். கூத்தர் சத்தியம் செய்தார். தங்கள் நாடு இந்த நாட்டுக்கு வெளியே இருப்பதால் சத்தியம் பழுதுபடவில்லை.

அன்றே பால்குடத்துக்குச் செய்வதுபோல் தொட்டியை நீர் நிறைந்த அகன்ற தாம்பாளத்தின் நடுவே கல்மேல் ஏற்றினர். எறும்பின் வழி அறுந்தது. பூந்திக்கொட்டை நுரையால் தண்டும் இலையடியும் கழுவப்பட்டன. எனினும் கிளைகள் கைமீறிப் போயிருந்தன. அவற்றை வெட்டியெறிந்தால்தான் வேர் பிழைக்கும். பெண்ணோடு வந்த செடியில் கத்தி வைக்க யாருக்குத் துணிவு? கூத்தர் இளவரசியாரிடமே சென்று நின்றார். அவர் கேட்டது இதுவே: “தூதரே, பட்டுப்போனா நான் ஊருக்குப் போகணும். சரி. வெட்டினா?”

வெட்டுவது பற்றி உடன்படிக்கையில் ஒரு சொல்லும் இல்லை என்றார் கூத்தர்.

இளவரசியார் அடுக்களை அரிவாளைக் கொணர்வித்துத் தம் கையாலேயே முழங்கை உயரத்துக்குக் கட்டையாய் நறுக்கினார். பக்கத்தில் நின்ற இளவரசர் கண்ணை மூடிக்கொண்டார். “என்னங்க, செடிக்கு வலிக்கல, உங்களுக்கு ஏன் வலிக்குது?” என்று இளவரசியார் சிரித்ததை முகப்புகளில் நின்ற அனைவரும் கேட்டனர். அத்தகைய சிரிப்பைக் காலிப் பல்லக்கோடு வந்து அழைத்துப்போவது எளிதன்று என்பதைத் தாங்கள் இப்போதே அறிந்துகொள்வது நலம்.

அதன்பின் இன்றுவரை கட்டை கட்டையாகவே நின்றது. இவ்வோலை எழுதுவிக்கையிலும் கூத்தர் இடையிடையே எழுந்து மேலே போனமையால் எழுத்து சில இடங்களில் விட்டுவிட்டு இருக்கும், பொறுத்தருள்க. இறுதியாகப் போனவர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். கணுவில் தளிர்.

ஆதலின் பௌர்ணமியில் தாங்கள் பூவைக் காணமாட்டீர்கள், தளிரைக் காண்பீர்கள். பட்ட கட்டை தளிர்ப்பதில்லை என்பதற்குச் சான்றாய் அத்தளிர்களில் ஒன்று இவ்வோலையின் முத்திரைக்கடியில் வைக்கப்பட்டுள்ளது. தாங்களும் உப்புத்தெருக்காரர்போல் அதைப் புரட்டி அடிப்புறம் பார்த்தருள்க. அங்கே வெண்மை துளியேனும் இருப்பின், தொட்டியைத் தலையில் சுமந்துகொண்டு கூத்தரே பல்லக்கின் முன்னே நடந்து வருவார்.

இல்லையேல், இளவரசியாரின் கட்டளை இது: பல்லக்கு வெறுமனே வரலாகாது. அதில் ஆற்றங்கரை வண்டலை நிரப்பிக் கொணர்க. செடிக்குப் பெரிய தொட்டி வேண்டியிருக்கிறது. மண்ணோடு எறும்பு வராமல் பார்த்துக்கொள்க.

கற்கோட்டை இலச்சினை இட்டுக் கூத்தர் கைச்சாத்து. ஓலை கொணர்பவருக்கு மோர் தருக. விடை பெறாமல் அவர் எழமாட்டார்.